முதலில் கத்தியவன்

தளபதி மரியானோஸ்தான் எங்கள் பேரரசர் என்று முதலில் கத்தியவன் நான். அந்தக் கலகத்தைப் பற்றி இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அரண்மனையில் யாரோ தூண்டிவிட்டார்கள் என்பார்கள், தளபதியின் மைத்துனர்கள் ஒரு வருடமாகத் திட்டம் போட்டார்கள் என்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. புனித தெமெத்ரியோஸ் திருநாள் கழிந்து மூன்றாம் நாள் காலையில், கிழக்கு எல்லையில், மூவாயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு நின்றபோது என் வாய் திறந்தது. அது மட்டும் தெரியும்.

என் பெயர் கோனோன். ஊர் கெராமியா. எங்கள் ஊரும் பக்கத்து நான்கு சிற்றூர்களும் சேர்ந்து ஐம்பது பேரைப் படைக்கு அனுப்ப வேண்டும். அதற்காக எங்கள் தாத்தாக்கள் காலத்திலேயே ஆளுக்கொரு படை மானியம் ஒதுக்கியிருந்தார்கள். நிலத்தை உழுதுகொள்ளலாம், வரி குறைவு, அழைத்தால் குதிரையோடும் ஈட்டியோடும் வந்து நிற்க வேண்டும். எங்கள் ஐம்பது பேருக்கும் தலைவர் தமியானோஸ். நரைத்த மீசை, உரத்த குரல். அவர் கோபப்பட்டால்கூட எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும், ஆனால் சொன்னதைச் செய்வோம்.

அந்த வருடம் வசந்தத்தில் போனவர்கள் இலையுதிர்காலம் வரைக்கும் எல்லையில் கிடந்தோம். சண்டையில் இறந்தவர்கள் குறைவு. முகாமுக்குக் கீழே ஓடிய ஓடைத் தண்ணீர்தான் ஆட்களைக் கொன்றது. வயிற்றுப்போக்கு கண்டால் ஐந்து நாளில் முடிந்துவிடும். எங்கள் அணியில் நான்கு பேர் அப்படிப் போனார்கள். நான்காவது ஆள் சபாஸ்.

சபாஸும் நானும் ஒன்பது வருடம் ஒரே கூடாரம். என்னைவிட ஆறு வயது மூத்தவன், குள்ளமானவன், வாய் ஓயாமல் பேசுபவன். ஊரில் அவனுக்கு மனைவி தெக்லாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். எனக்கு மனைவி பிரசவத்தில் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது, பிள்ளையும் தங்கவில்லை. சபாஸ் தெமெத்ரியோஸ் திருநாள் அன்று விடிந்த கொஞ்ச நேரத்தில் இறந்தான். தமியானோஸும் நானும் குழி தோண்டினோம். பாறை நிலம், இடுப்பளவுக்கு மேல் இறங்க முடியவில்லை. நரி தோண்டாமல் இருக்க மேலே கல் அடுக்கினோம். தளபதி மரியானோஸ் அந்த வழியாகக் குதிரையில் வந்தவர் இறங்கி, இது எந்த ஊர் அணி, இதுவரை எத்தனை பேர் போனார்கள் என்று விசாரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நின்றார்.

மூன்றாம் நாள் காலை எல்லாரையும் மைதானத்தில் நிறுத்தினார்கள். தலைநகரிலிருந்து ஆணை வந்திருந்தது. வழக்கமாக எழுத்தர்தான் படிப்பார். அன்றைக்குத் தளபதியே ஒரு வண்டிமேல் ஏறி நின்று படித்தார். அந்த வண்டி எங்கள் அணிக்கு நேர் எதிரே நின்றது. ஊருக்குத் திரும்பக் கூடாது, அதே இடத்தில், அதே ஓடைக்கரைக் கோட்டையில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும், விதைப்பை வீட்டில் இருக்கும் பெண்கள் பார்த்துக்கொள்ளட்டும். இவ்வளவுதான் ஆணை. அவர் அதை மெதுவாகப் படித்தார். படித்து முடித்தும் இறங்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே நின்றார்.

எனக்கு அந்தக் கல்குவியல் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததுமே கத்திவிட்டேன்.

எனக்குப் பின்னால் எங்கள் அணி கத்தியது, அப்புறம் பக்கத்து அணி, அப்புறம் மைதானம் முழுவதும். தளபதி இரண்டு கையையும் தூக்கி வேண்டாம் வேண்டாம் என்று சொன்னார். யாரோ வண்டியிலிருந்து அவரை இழுத்து, கேடயத்தின் மேல் உட்காரவைத்துத் தூக்கினார்கள். பேரரசர் என்றால் சிவப்புக் காலணி வேண்டுமே. முகாமில் ஏது? ஒரு குதிரைப் போர்வையைக் கிழித்து அவர் காலில் சுற்றிக் கட்டினார்கள். மத்தியானத்துக்குள் நாங்கள் மேற்கே நடக்க ஆரம்பித்துவிட்டோம்.

ஆறு வாரம் நடந்தோம். முதல் இரண்டு வாரம் வழியில் இருந்த நகரங்கள் கதவைத் திறந்தன, பிஷப்புகள் எதிரே வந்து வணங்கினார்கள். மூன்றாவது வாரம் ஒரு நகரம் திறக்கவில்லை. அதற்குப் பின் ஒன்றுமே திறக்கவில்லை. நாங்கள் நடந்த பாதை பல பேரின் ஊர்களுக்குப் பக்கமாகவே போனதால், ஒவ்வொரு ஊர் நெருங்கும்போதும் அந்த ஊர்க்காரர்கள் காணாமல் போனார்கள். சங்காரியோஸ் ஆற்றுப் பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது எண்ணூறு பேர் மிச்சம், பாதையிலிருந்து தள்ளி இருந்த ஊர்க்காரர்களான நாங்களும் அதில். எதிர்க்கரையில் பேரரசரின் படை ஆறாயிரம் பேர் அடுப்பு மூட்டி வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். சண்டையே நடக்கவில்லை. தளபதி தானே நடந்து பாலத்தைக் கடந்து போய் வாளைக் கொடுத்தார்.

நிபந்தனைகளை எங்களுக்குப் படித்துக் காட்டினார்கள். வீரர்கள் எல்லாருக்கும் மன்னிப்பு. தளபதியைப் படைதான் கட்டாயப்படுத்தியது என்று உறுதியானால் அவர் கண்ணைப் பிடுங்க மாட்டார்கள், மொட்டையடித்து மடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதை உறுதி செய்ய வேண்டுமானால் முதலில் கத்தியவன் யாரென்று தெரிந்தாக வேண்டும். அவன் ஒருவனுக்கு மட்டும் மன்னிப்பு கிடையாது.

குரல் கெராமியா பக்கமிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. விசாரிக்க அரண்மனையிலிருந்து அந்திமோஸ் என்ற அதிகாரி வந்தார். காயடிக்கப்பட்ட அரண்மனை ஊழியர்களில் ஒருவர். கனத்த உடம்பு, ஓயாத இருமல். கூடாரத்தில் சூடான செங்கல்மேல் காலை வைத்துக்கொண்டு எழுதுவார். எங்களை மறுநாள் காலை வரச் சொன்னார்.

அன்று சாயங்காலம் தமியானோஸ் எங்களைக் குதிரைகளுக்கு நடுவே கூட்டினார்.

"சபாஸ்னு சொல்லிடுவோம்," என்றார். "செத்தவன என்னடா பண்ண முடியும்? மறுபடியும் கொல்லவா போறாங்க?"

"அவன் உசுரோட இருந்திருந்தா கண்டிப்பா கத்தியிருப்பான்ணே," என்றான் ஒருவன். "அவன் வாய் நமக்குத் தெரியாதா?"

சிலர் சிரித்தார்கள். தமியானோஸ் என்னைப் பார்த்தார்.

"என்ன கோனோன், சம்மதந்தானே? உனக்காகத்தான்டா இவ்வளவும்."

"சரிண்ணே," என்றேன்.

மறுநாள் நாற்பத்தாறு பேரும் சுவிசேஷப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தோம். முதலில் கத்தியது சபாஸ், நடைப்பயணத்தில் காய்ச்சல் கண்டு இறந்தான், உடலை ஆற்றில் விட்டுவிட்டோம். அந்திமோஸ் ஆள் உயரமா குள்ளமா என்று மட்டும் கேட்டார். குள்ளம் என்று தமியானோஸ் சொன்னார். எழுதிக்கொண்டார். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் நாங்கள் ஊருக்கு வந்துவிட்டோம்.

சபாஸின் கத்தியையும் கம்பளித் தொப்பியையும் தெக்லாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அவள் அழுது முடித்ததும் எந்த நாள் என்று கேட்டாள். நாற்பதாம் நாள் படையல் வைக்க வேண்டுமே, நாள் தாண்டிவிட்டதா என்று கவலை அவளுக்கு. தெமெத்ரியோஸ் திருநாள், காலையில், தமியானோஸும் நானும்தான் குழி தோண்டினோம் என்றேன். மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். ஆற்றங்கரையில் நாங்கள் சொன்னது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகமே வரவில்லை. அவள் கோதுமையை அவித்து, காய்ந்த திராட்சை கலந்து தெரு முழுவதும் கொடுத்தாள். நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.

பெரிய நோன்பின் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஐந்து ஊருக்கும் பொதுவான தேவாலயத்தில் சாபங்கள் படிப்பார்கள். பழைய காலத்து மதவிரோதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார் குரு. சபை மூன்று தடவை "சபிக்கப்பட்டவன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். யார் யார் என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வருடம் பட்டியல் முடிந்த பின்னும் குரு நிறுத்தவில்லை. புதிதாக முத்திரையோடு வந்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். கெராமியா ஊர் சபாஸ், பேரரசருக்கு எதிராக முதல் குரல் எழுப்பியவன், என்று படித்தார். அவன் மானியம், நோன்பு முடிந்து வரும் பாஸ்கா திருநாளுக்குள் அரசுக்குத் திரும்ப வேண்டும், வீட்டைக் காலி செய்ய வேண்டும். பெயர் வருடாவருடம் இதே நாளில் படிக்கப்படும்.

நாங்கள் சொல்ல வேண்டிய இடம் வந்தது. ஆண்கள் பக்கத்தில் நாற்பத்தாறு பேரும் நின்றோம். என் உதடு அசைந்தது. மூன்று தடவையும் அசைந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து தெக்லா பேசினாள்.

"சாமி, அத இன்னொரு தடவ படிங்க."

குரு படித்தார்.

"அவரு கத்தினாருங்கிறாங்களே, அது எந்த நாளு? போட்டிருக்கா?"

"தெமெத்ரியோஸ் திருநாளுக்கு மூணாம் நாள்னு இருக்கும்மா."

அவள் இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். நான் முற்றத்தில் சேணத்தின் தோல்வாரைத் தைத்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, அவரு செத்தது எந்த நாளு?"

"அண்ணி..."

"நாளச் சொல்லு."

"தெமெத்ரியோஸ் திருநாள்."

"அப்ப மூணு நாள் கழிச்சு எப்படிக் கத்தினாரு?"

நான் ஊசியை மறுபடி தோல்வாரில் குத்தினேன். அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் முழுவதும் நாற்பத்தாறு வீட்டுக்கும், பக்கத்து ஊர்களுக்குக்கூட நடந்தே போனாள். எல்லாரிடமும் அதே கேள்வி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலர் அவளைப் பார்த்ததும் மாட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கடைசியில் தமியானோஸ் அவள் வீட்டுக்கே போனார். நானும் கூட இருந்தேன். நாங்கள் எல்லாரும் பேசி வைத்திருந்தோம், ஆளுக்கு வருடம் இரண்டு மரக்கால் பார்லி, தமியானோஸ் வீட்டிலேயே ஒரு பக்கம் தங்க இடம், பெண்களுக்குக் கல்யாணமும் நாங்களே செய்துவைப்போம். உண்மையிலேயே செய்திருப்போம். கெட்டவர்கள் இல்லை எங்கள் ஆட்கள். சபாஸ் செத்துவிட்டான், அவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆற்றங்கரையில் நினைத்தபோது அவன் மனைவியைப் பற்றி ஒருவருக்கும் யோசனை வரவில்லை, அவ்வளவுதான். நாற்பத்தாறு பேரில் மனைவி மக்கள் இல்லாத ஒருவனைக் காப்பாற்ற, இரண்டு பிள்ளை பெற்றவனைக் கொடுத்திருந்தோம்.

தெக்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பார்லி வேணாம் பெரியப்பா," என்றாள். "அவரு பேரத் திருப்பிக் குடுங்க."

"அது எங்க கையில இல்லம்மா."

"அப்ப யாரு கையில இருக்கோ அங்க போறேன். நிக்கேயாவுல அந்த அதிகாரி உக்காந்திருக்காராமே. கோனோன் என்கூட வரட்டும். செத்த நாள வாயத் தொறந்து சொன்ன ஆளு அவன்தான்."

வெளியே வந்ததும் தமியானோஸ் என் தோளைப் பிடித்தார். போகாதே என்று சொல்லவில்லை. நீ போய் உண்மையைச் சொன்னால் நாற்பத்தாறு பேரும் சுவிசேஷத்தின்மேல் பொய் சொன்னது வெளியே வரும், பொய்ச் சத்தியத்துக்கு நாக்கை அறுப்பார்கள், யோசித்துக்கொள் என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

நிக்கேயா நாலு நாள் நடை. பெண்களைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, காய்ந்த ரொட்டியும் வெங்காயமும் ஆலிவும் மூட்டை கட்டிக்கொண்டு தெக்லா கிளம்பினாள். நோன்புக் காலம், வழியில் யார் கொடுத்தாலும் அதேதான் கிடைத்தது. அவள் முன்னால் நடப்பாள், நான் பின்னால். இரண்டு நாள் வானிலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தமியானோஸ் சொன்னதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் மட்டும் மாட்டினால் பரவாயில்லை என்ற இடத்துக்கு இரண்டாம் நாளே வந்துவிட்டேன். மற்றவர்களை எப்படி வெளியே விடுவது என்று வழி தெரியவில்லை.

மூன்றாம் நாள் ஆற்றைக் கடக்கப் படகுக்காகக் காத்திருந்தோம். படகுக்காரன் அக்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி," என்றேன், "கத்தினது நான்தான்."

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"அங்க போயி அத சொல்லுவியா?"

"சொல்லத்தான் வந்தேன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காத. சொல்லு."

படகு வந்தது. அவள் முன் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள், என்னைப் பின்னால் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். ஒரு ஆட்டு வியாபாரியும் பதினைந்து ஆடுகளும் எங்களுக்கு நடுவில். அக்கரையில் இறங்கி ஒரு நாழிகை நடந்த பிறகுதான் மறுபடி பேசினாள்.

"அவரு சாகும்போது கூட இருந்தியா?"

"இருந்தேன்."

"என்ன சொன்னாரு?"

"தண்ணி கேட்டாரு. பெரியவ பேரச் சொன்னாரு, ரெண்டு தடவ."

"இதுவும் பொய்யில்லியே?"

"இல்ல."

அவள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

நிக்கேயாவில் அந்திமோஸின் அலுவலகத்து வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் உள்ளே விட்டார்கள். அவர் இன்னும் இருமிக்கொண்டுதான் இருந்தார். தெக்லா நின்ற இடத்திலிருந்தே சொன்னாள், தன் கணவன் இறந்த நாள், ஆணை படிக்கப்பட்ட நாள், இரண்டுக்கும் நடுவில் இருந்த மூன்று நாள். படையல் வைத்ததற்குக் குருவின் சாட்சிக் கடிதமும் கொண்டுவந்திருந்தாள். அந்திமோஸ் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"அம்மா, நான் இத அப்பவே கொஞ்சம் சந்தேகப்பட்டேன்," என்றார். "நாப்பத்தாறு பேரு ஒரே வார்த்தைய ஒரே மாதிரி சொன்னா எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு ஒரு பேரு வேணும், கெடச்சுது. அரண்மனைக்கு அனுப்பியாச்சு. அத வெச்சுத்தான் தளபதி கண்ணு தப்பிச்சுது. இப்ப திரும்பத் தோண்டினா நாப்பத்தாறு நாக்கு போகும். அதுதான் ஒனக்கு வேணுமா?"

தெக்லா அதுவரை அப்படி யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த வீடுகளின் பெண்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஆனாலும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எனக்கு அந்த இடத்தில்தான் வழி தெரிந்தது.

"ஐயா, அவங்க பொய் சொல்லல," என்றேன். "பொய் சொன்னது நான் ஒருத்தன்தான். சபாஸ் கத்தினான்னு நான்தான் அவங்ககிட்ட சொன்னேன். அந்தச் சத்தத்துல யாருக்கும் யாரு கத்தினான்னு தெரியாது. சபாஸ் வேற கூடாரத்துல கெடந்து பின்னால செத்தான், ஒடம்ப ஆத்துல விட்டாச்சுன்னும் சொன்னேன். நம்பிட்டாங்க. நம்பித்தான் சத்தியம் பண்ணினாங்க."

"தமியானோஸ்னு ஒரு தலைவன் இருந்தானே. குழி தோண்டினவன் அவனாமே? இந்தக் கடிதத்துல இருக்கு."

"குழி நான்தான் தோண்டினேன். குரு தப்பா எழுதிட்டாரு."

அந்திமோஸ் கடிதத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"பொண்டாட்டி புள்ள உண்டா?"

"இல்லய்யா. செத்துட்டா."

"மானியம்?"

"இருக்கு."

"இனிமே இருக்காது," என்று சொல்லிவிட்டு, எழுத்தரைக் கூப்பிட்டார். தளபதியும் வந்து அடையாளம் சொன்னால்தான் பழைய அறிக்கையைத் திருத்த முடியும் என்றார். தளபதி மரியானோஸ் அதே ஊரில் ஏரிக்கரை மடத்தில் இருந்தார். அவரை அழைத்துவர ஆள் போனது. என்னை வெளியே நடையில் ஒரு பலகையில் உட்காரவைத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் வந்தார். மொட்டைத் தலை, கறுப்பு அங்கி. முன்னைவிடக் குண்டாகியிருந்தார். என் பக்கத்திலேயே உட்காரச் சொன்னார்கள். காவலன் நடையின் மறுகோடியில் இன்னொருவனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"கெராமியா அணிதானே?" என்றார்.

"ஆமாங்க தளபதி."

"இப்ப நான் சகோதரன் மக்காரியோஸ், மடத்துல வெச்ச பேரு." கைகளை அங்கிக்குள் விட்டுக்கொண்டார். "நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நேரா உன்னத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

நான் காவலன் பக்கம் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"அந்த ஆணைய எழுத்தன்கிட்ட குடுத்திருந்தா கடகடன்னு படிச்சிட்டு எறங்கியிருப்பான். நானே எடுத்துக்கிட்டேன். வண்டிய ஒங்க முன்னால நிறுத்தச் சொன்னதும் நான்தான். மூணு நாள் முன்னாடி அந்தக் குழிக்குக் கல்லு அடுக்கினீங்களே, பாத்தேன். யாராவது கத்துவாங்கன்னு நின்னேன் தம்பி. யாருமே கத்தலியேன்னு எறங்கப் போன நேரத்துல நீ கத்தின."

"அப்புறம் எதுக்கு வேணாம் வேணாம்னீங்க?"

"அப்படிச் சொல்லணும். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

காவலன் எங்களைக் கூப்பிட்டான். கதவு வரைக்கும் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியில் நான் யோசித்தேன். உள்ளே போய் இதை அப்படியே சொன்னால் இந்த ஆளுக்குக் கண் போய்விடும். எனக்குத் தண்டனை குறையலாம். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர் என் வாயைப் பிடித்துத் திறக்கவில்லை. சபாஸை நினைத்துத்தான் கத்தினேன், அந்த ஒரு காரியமாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று இருந்தது. இன்னொருவர் கண்ணைப் பிடுங்குவதைப் பார்க்கவும் எனக்குத் தெம்பு இல்லை. எதற்காக வாயை மூடிக்கொண்டேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

அந்திமோஸ் அவரிடம் ஒரே கேள்வி கேட்டார். தளபதி என்னைப் பார்த்து, "இவன்தான்," என்றார். பிறகு மடத்தில் மத்தியானப் பூசைக்கு நேரமாகிறது, போகலாமா என்று கேட்டார்.

தீர்ப்பு மறுநாள். என் மானியம் அரசுக்கு. மூக்கை அறுத்து, கடலுக்கு வடக்கே இருக்கும் கெர்சோனுக்கு நாடு கடத்த வேண்டும். சபாஸின் சாபம் நீக்கம், அவன் மனைவிக்கும் பெண்களுக்கும் நிலம் திரும்ப. நாற்பத்தைந்து பேரும் ஏமாற்றப்பட்டுச் சத்தியம் செய்தவர்கள், குற்றமற்றவர்கள். நாக்குக்குப் பதிலாக மூக்கு என்றது அந்திமோஸ் எனக்குக் காட்டிய தயவு. அவரே சொன்னார். சிறைக்கூடத்து வைத்தியன் கைதேர்ந்தவன், சீக்கிரம் முடித்துவிட்டான். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

தெக்லா அதுவரைக்கும் நிக்கேயாவில்தான் இருந்தாள். முத்திரை வைத்த தாள் கைக்கு வர இரண்டு நாள் ஆனது. அன்று சிறைவாசலுக்கு வந்து என்னைப் பார்க்க வேண்டும் என்றாள். முகத்தில் துணி சுற்றியிருந்தேன். ரொட்டியும் ஒரு கம்பளியும் கொடுத்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன்னு எதிர்பாக்காத," என்றாள். "கோவில்ல நீயும்தான் மூணு தடவ சொன்ன. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"ஆமா."

"ஆனா வந்த. அதையும் பாத்தேன்." தாளை மார்புத் துணிக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள். "நான் கெளம்பறேன். மழ பெய்யுது, வசந்த விதைப்ப விட்டா இந்த வருஷம் போச்சு."

கெர்சோனில் எட்டு வருடம் இருந்தேன். கடலோரத்தில் மீனுக்கு உப்பு போடும் தொட்டிகளில் வேலை. அந்த ஊரில் நாடு கடத்தப்பட்டவர்கள் அதிகம், மூக்கில்லாதவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் வடகாற்று அடிக்கும்போது மட்டும் தலைக்குள் கத்தி இறங்கும். மீன் நாற்றம் தெரியாத ஒரே ஆள் நீதான், கொடுத்து வைத்தவன் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன்.

ஒன்பதாம் வருடம் வேறொரு தளபதியை அவருடைய படை கேடயத்தில் தூக்கியது. அவர் ஜெயித்துவிட்டார். தலைநகரில் முடிசூட்டிக்கொண்டதும், பழைய பேரரசரை எதிர்த்துத் தண்டனை பெற்றவர்கள் எல்லாருக்கும் மன்னிப்பும் பறிபோன நிலமும் என்று ஆணை போட்டார். அவருக்காக முதலில் கத்தியவன் யார் என்று யாரும் விசாரித்ததாகக் கேள்விப்படவில்லை.

கெராமியாவுக்கு வந்தபோது என் நிலத்தில் ஒரு ஆர்மீனியக் குடும்பம் குடியிருந்தது. புருஷன், மனைவி, ஐந்து பிள்ளைகள். அவனுக்கும் அரசு முத்திரையோடு தாள் இருந்தது, எனக்கும் இருந்தது. மாகாண நீதிபதி ஊர்க்காரர்களின் சாட்சியைக் கேட்டார். எல்லை எது, கிணறு யாருடையது, யார் எப்போது உழுதது என்று தெக்லாதான் வந்து சொன்னாள். என் பக்கமும் சாயவில்லை, ஆர்மீனியன் பக்கமும் சாயவில்லை. மேட்டு நிலமும் வீடும் அவனுக்கு, ஓடையோரத்து வயல் எனக்கு என்று முடிந்தது. அவளுடைய பெரிய பெண்ணுக்குக் கல்யாணமாகி மருமகன் சபாஸின் ஈட்டியோடு படைக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.

தளபதி மரியானோஸ் அந்த மடத்திலேயே இரண்டு கண்ணோடும் வயதாகி இறந்தார். தேனீ வளர்த்தார் என்று சொன்னார்கள். அதற்குப் பின்தான் அந்தப் பலகையில் அவர் சொன்னதை நான் வெளியே சொல்ல ஆரம்பித்தேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

மற்றவர்கள் எல்லாரும் என்னோடு பழையபடி பேசிவிட்டார்கள். விதைக்கு ஏர் கொடுத்தார்கள், குடிசை போடக் கை கொடுத்தார்கள். தமியானோஸ் மட்டும் பேசவில்லை. கிழவருக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். தீர்ப்புத் தாளை ஊர்த் தேவாலயத்தில் படித்தபோது, கோனோன் சொன்ன பொய்யைத் தலைவர் தமியானோஸும் நாற்பத்து நான்கு பேரும் உண்மை என்று நம்பி ஏமாந்தார்கள் என்று படித்திருக்கிறார்கள். மூன்றாம் வருட அறுவடையின்போது ஒரு நாள் களத்துப் பக்கம் அவராகவே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"என் நாக்கக் காப்பாத்தினடா, இல்லன்னு சொல்லல," என்றார். "ஆனா ஊரு முழுக்க என்ன முட்டாப்பயன்னு எழுதி முத்திர குத்தி வெச்சுட்டியே. ஒன் பேச்ச நான் நம்பினேனாமே. நான்."

உட்காருங்கண்ணே என்றேன். முறைத்துக்கொண்டே கதிர்க்கட்டின்மேல் உட்கார்ந்தார். இருந்த புளித்த திராட்சைரசத்தில் தண்ணீர் கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, ஓடையோரத்து வயலில் இந்த வருடம் எத்தனை மரக்கால் காணும் என்று கேட்டார்.